முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ப்ரோவான் போகலாமா?

வணக்கம். பாரிஸில் ஆறு வருடமாக இருந்தும் ப்ரோவான் ஊரைப் பார்த்ததில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வரும் ஞாயிறு பாரிஸின் கார் து லெஸ்ட் (Gare de l'Est) ரயில் நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் அழைத்துப்போக நினைக்கிறேன். இடைக்காலத்தில் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் நடந்த பெரிய வணிகச் சந்தைகளுக்கு வணிகர்கள் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவந்த ஊர். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சிக்கல் அம்மாவின் முழங்கால். ரயில் நிலையம் கீழூரில், 12-ஆம் நூற்றாண்டு சீசர் கோபுரமோ மேட்டில். (ரோமானியச் சீசர் கட்டியதல்ல, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) மேலே போக ஞாயிற்றுக்கிழமை பஸ் உண்டா? கோபுரத்தை நான் மட்டும் ஏறிக்கொள்கிறேன். நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் அவரால் நடக்க முடியுமா? கோட்டைமதில் அருகே உட்கார நிழல் இருக்கிறதா?

அந்த ஊர் ரோஜா இதழ் ஜாம் நல்லதாக எங்கே கிடைக்கும்? குல்கந்து மாதிரி இருக்குமா என்று அம்மா இப்போதே கேட்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.