புனைபதில்: ‘சிந்தெட்டிக் ரெஸ்பொண்டன்ட்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல் பற்றி

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சந்தை ஆய்வில் மனிதருக்கு மாற்றாக மென்பொருளிடம் விடை பெறும்போது ‘சிந்தெட்டிக் ரெஸ்பொண்டன்ட்’ (synthetic respondent) எனப்படுவதற்கு, தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் முன்வைக்கப்பட்ட சொற்கள் அனைத்தையும் நிதானமாக வாசித்தேன். செயற்கைப் பதிலாளர், தொகுப்புப் பதிலாளர், போலிப் பதிலாளர், சிலிக்கன் மாதிரி ஆகிய நான்கில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்தபடி வினாக்கொத்துகளைத் தமிழாக்குவதும், அவற்றை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களுக்குச் சென்று கேட்டு எழுதுவதுமே பல ஆண்டுகளாக என் தொழில். அதனால் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘45 வயதுப் பெண், கொழுந்து பறிப்பவர், மூன்று பிள்ளைகளின் தாய்’ என்று ஒரு விவரணையைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குக் கொடுத்து, அப்படிப்பட்ட ஒருவர் என்ன சொல்லுவாரோ அதைச் சொல்லும்படி பணித்து, கிடைக்கும் விடைகளை ஆய்வுத் தரவாகப் பயன்படுத்துவதே இந்த முறை. அமெரிக்கத் தேர்தல் ஆய்வுகளில் பங்குபற்றியவர்களின் பின்னணி விபரங்களை ஜிபிடி-3 மென்பொருளுக்கு ஊட்டி, அவர்களுடைய அரசியல் தெரிவுகளை அது எவ்வளவு நெருங்குகிறது என்று பார்த்த ஆய்வொன்று 2023இல் வெளியானது. ‘சிலிக்கன் மாதிரி’ என்ற வழக்கு அங்கிருந்துதான் பரவியது. ஆனால் தமிழில் ‘மாதிரி’ என்பது ஆய்வுக்கென ஒரு பகுதியினரைத் தெரிவுசெய்யும் கூறெடுப்பையும் குறிக்கிறது, கணித முறையில் அமைக்கும் கணிய மாதிரியையும் குறிக்கிறது, பேச்சில் ‘போல’ என்ற பொருளையும் தருகிறது. மூன்று சுமையைத் தாங்கி நிற்கும் சொல்லின் மேல் நான்காவதை ஏற்றக்கூடாது.

‘தொகுப்பு’ என்பதை முன்மொழிந்தவர், ‘சிந்தெசிஸ்’ என்பதைத் தொகுப்பு என்று சொல்லும் இலங்கைப் பாடநூல் மரபைப் பின்பற்றியிருக்கிறார் என்பது புரிகிறது. நாங்கள் ஒளித்தொகுப்பு என்று படித்ததைத் தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை என்று படிக்கிறார்கள். எனக்கு அந்த மரபின் மீது மிகுந்த பற்று உண்டு. ஆயினும் ‘தொகுப்புப் பதிலாளர்’ என்று சென்னையில் ஒருவர் வாசித்தால், ஒன்றுதிரட்டப்பட்ட பதிலாளர் கூட்டம் என்றே எடுத்துக்கொள்வார். பொருள் நேர் எதிராகிவிடும். ‘போலி’ என்பதையோ நாம் வேறொன்றுக்குப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். இணையவழிக் கருத்தாய்வுகளில் பணத்துக்காக ஒரே ஆள் பத்துப் பெயரில் நிரப்புவதும், தானியங்கி நிரல்கள் மனிதரைப்போல் நுழைந்து நிரப்புவதும் இத்தொழிலின் பெரிய தலைவலியாகிவிட்டன. அவை மோசடி, அவையே போலிப் பதில்கள். நாம் பெயர் தேடும் முறை அறிவித்துவிட்டுச் செய்யப்படும்போது மோசடி ஆகாது.

‘செயற்கைப் பதிலாளர்’ கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. பெரும்பான்மையோர் அதை விரும்புவதும் தெரிகிறது. என் மறுப்பு அதன் முதற்பகுதி பற்றியதன்று, ‘ஆளர்’ என்ற இறுதி பற்றியது. தமிழ் என்பது, மக்களை உயர்திணையென்றும் மற்றவற்றை அஃறிணையென்றும் பிரித்துவைத்த மொழி. ‘ஆளர்’ என்று முடித்த உடனேயே வினைமுற்று ‘கூறினார்’, ‘விரும்புகின்றனர்’ என்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணும்போது ‘பேர்’ வந்துவிடும்.

அது எப்படி வந்துவிடுகிறது என்பதை நான் நேரில் கண்டேன். பெருந்தோட்டத் துறை பற்றிய ஓர் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழாக்கும்படி கொழும்பு நிறுவனமொன்று என்னிடம் தந்தது. ‘200 பேர் பதிலளித்தனர்’ என்றிருந்தது. களத்தில் நாங்கள் எடுத்துக் கொடுத்த நேர்காணல்கள் 60 மட்டுமே. மீதி 140 மென்பொருள் ஆக்கியவை என்பது கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் இருந்தது. தோட்டத்தில் ‘பேர்’ என்பது சாதாரணச் சொல்லன்று. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. மழையில் நின்று, அட்டைக்கடி பட்டு ஈட்டும் அந்தப் பேரை, மலையேறாத ஒன்றுக்கு எழுதிவிட்டார்களே என்று எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது.

ஆகவே என் முன்மொழிவு ‘புனைபதில்’. புனைபெயர், புனைகதை என்று நமக்குப் பழகிய வினைத்தொகை அமைப்புத்தான் இது. பொய் என்ற பழியைச் சுமத்தாமலே, ஆக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. அஃறிணையாதலால் ‘140 புனைபதில்கள் பெறப்பட்டன’ என்றுதான் எழுத வரும். ‘140 பேர்’ என்று எழுதக் கை போகாது. இன்னொரு வாய்ப்பும் இதில் உண்டு. இலங்கையில் பதில் அதிபர், பதில் நீதவான் என்று எழுதுகிறோம். ஒருவருக்கு மாற்றாக நிற்பவர் என்பது பொருள். விடை, மாற்று என்ற இரண்டு பொருளும் இந்த முறைக்கு அப்படியே பொருந்துகின்றன. மனிதரைக் குறிக்க ‘விடையளிப்பவர்’ என்பதையே நிலைநிறுத்தினால் குழப்பத்துக்கு இடமிராது. புனைதரவு என்ற சொல்லும் இதே வழியில் கிடைக்கும்.

வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் களத்திலிருந்து ஒரு காரணம். ஒரு மாலை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் வாசற்படியில் அமர்ந்த அம்மா ஒருவரிடம், ‘கடந்த மாதம் 400 கிராம் பால்மா பக்கற் எத்தனை வாங்கினீர்கள்?’ என்று கேட்டேன். “மாசமுன்னா எந்த மாசம் தம்பி? சம்பளம் போட்டதுல இருந்தா?” என்று திருப்பிக் கேட்டார். அவர் வீட்டு மாதம் 10ஆம் திகதிச் சம்பளத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்திய நாட்களில் கடைக் கொப்பியில் கடனுக்குச் சிறிய பக்கற்றுகள். அன்றே வினாவைத் திருத்தினோம். விடையளிப்பவர் வினாவைத் திருத்துவார். புனைபதிலோ கேட்ட வினாவுக்குள் அடங்கி, நேர்த்தியாக ஓர் எண்ணைத் தந்துவிடும். அதிலும் இணையத்தில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கும் ஒரு மக்களைப் பற்றிய எண் எங்கிருந்து வரும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வினாக்கொத்தைக் களத்துக்குக் கொண்டுபோகுமுன் ஒத்திகை பார்க்க நானே பயன்படுத்துகிறேன். நீளமான வினாக்களைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. 2024இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 1,052 பேரிடம் தலா இரண்டு மணிநேரம் நேர்காணல் எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மென்பொருட் பிரதியை அமைத்தார்கள். அங்கே பின்னால் உண்மையான ஒருவர் இருக்கிறார், அவருடைய ஒப்புதல் பற்றிய கேள்வியும் இருக்கிறது. எனவே அதைப் புனைபதிலில் சேர்க்க மனம் வரவில்லை. ‘இன்னாரின் பதிலுரு’ என்று உடைமையோடு சொல்லலாமா என்று நினைக்கிறேன். இதைப் பற்றிக் குழுவினர், முக்கியமாகப் புள்ளிவிபரவியல் கற்பிப்போர், தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.