1950-களின் நெடுஞ்சாலைப் பாலங்கள்: காக்கத் தக்கவற்றை எப்படிப் பிரிப்பது?

ஆற்றோரன் (கேள்வி):
வணக்கம். அமெரிக்க மாநிலம் ஒன்றில், 1945 முதல் 1965 வரை கட்டப்பட்ட நெடுஞ்சாலைப் பாலங்களுள் வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டுக்குத் தகுதியானவை எவை என்று மதிப்பிடும் பணி எனக்குத் தரப்பட்டுள்ளது. ட்ரஸ் (முக்கோணச் சட்டகப்) பாலமும் வளைவுப் பாலமும் கண்ணுக்கே தம் கதையைச் சொல்லிவிடுகின்றன. என் பட்டியலில் உள்ளவையோ பெரும்பாலும் எஃகுக் கர்டர்களும் (தளத்தைத் தாங்கும் உத்திரங்கள்) கான்கிரீட் பலகைகளும்தாம். ஒன்றைப் பார்த்தால் நூறைப் பார்த்தது போல. தேசியப் பாலக் கணக்கேட்டில் வரலாற்று முக்கியத்துவத்தைக் குறிக்கும் 37-ஆம் கட்டத்தில், 'இப்போது முடிவு செய்ய இயலாது' என்று பொருள்படும் 4 என்ற எண்ணே பலவற்றுக்கு இடப்பட்டிருக்கிறது. ஐம்பது வயது கடந்துவிட்டது என்பதற்காக அனைத்தையும் ஒரே ஆழத்தில் ஆராய வேண்டுமா?

வடகரை:
வேண்டியதில்லை ஐயா. கூட்டரசு நிதியோ அனுமதியோ பெறும் திட்டங்கள் பழஞ்சின்னங்களைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டுத் தேசிய வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. நீங்கள் சொல்லும் அந்தப் பொதுவகைப் பாலங்களுக்கு, அதாவது 1945-க்குப் பின் கட்டப்பட்ட கான்கிரீட் பலகை, கர்டர் பாலங்கள், எஃகுக் கர்டர் பாலங்கள், சிறுபாலங்கள் ஆகியவற்றுக்கு, தனித்தனி ஆய்விலிருந்து 2012-இல், அந்தப் பிரிவின் நடைமுறையைக் கவனிக்கும் கூட்டரசு ஆலோசனைக் குழு விலக்களித்துவிட்டது. ஆனால் வளைவு, ட்ரஸ், தொங்கு, நகரும் பாலங்கள் அதில் சேரா. ஏற்கெனவே பதிவேட்டில் உள்ளவையும், வரலாற்றுப் பகுதிக்குள்ளோ அதையொட்டியோ நிற்பவையும் சேரா. விதிவிலக்காக முக்கியமானவை என்று மாநிலங்கள் குறித்த பாலங்களும் விலக்குக்கு வெளியேதான் இருக்கின்றன. உங்கள் மாநிலத்தின் அந்தப் பட்டியலை முதலில் தேடிப் பிடியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வரைபடப்பித்தன்:
மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பொதுவகை என்று ஒதுக்குவதற்கு முன், அந்த வகை எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டாமா? பிலடெல்பியாவின் வால்நட் லேன் நினைவுப் பாலம் கண்ணுக்கு வெறும் கர்டர் பாலம். ஆனால் பெல்ஜியப் பொறியாளர் குஸ்தாவ் மக்னெல் வடிவமைத்து 1951-இல் திறக்கப்பட்ட அதுதான், அமெரிக்காவின் முதல் பெரிய முன்தகைவுக் கான்கிரீட் (உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கி வலுவூட்டிய கான்கிரீட்) பாலம். நடுப்பகுதியில் தூணுக்குத் தூண் 160 அடி. 1949-இல் முழு அளவுக் கர்டர் ஒன்றை வார்த்து, பலர் பார்க்க, உடையும்வரை எடையேற்றிக் காட்டினார்கள். (அதே தெருவின் பெயரில், விசாஹிக்கன் ஓடைமேல் 1908-ஆம் ஆண்டு வளைவுப் பாலம் ஒன்றும் உண்டு. கோப்புகளில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

கணக்கேட்டின் 27-ஆம் கட்டத்தில் உள்ள ஆண்டை மட்டும் நம்பவும் வேண்டாம். மறுகட்டுமான ஆண்டு 106-ஆம் கட்டத்தில் தனியாக இருக்கும். முன்பு நான் மதிப்பிட்ட பாலம் ஒன்று ஏட்டில் 1952. வரைபடங்களைப் பிரித்த பிறகுதான், பழைய அடித்தூண்களின்மேல் வேறொரு தசாப்தத்தின் மேல்தளம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

ஆற்றோரன்:
மிக்க நன்றி. வால்நட் லேன் பாலத்தின் கர்டர்களையே பின்னர் மாற்றிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் தகுதி போய்விடுமா?

வரைபடப்பித்தன்:
1990-ஐ ஒட்டி மேற்கட்டுமானம் மாற்றப்பட்டது உண்மை. பதிவேடு இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு என்று ஏழு கோணங்களில் முழுமையை, அதாவது பழைய தன்மை எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை, பார்க்கச் சொல்கிறது. எந்த அளவுகோலின்கீழ் முக்கியத்துவம் கோருகிறீர்கள் என்பதைப் பொறுத்து அவற்றின் எடை மாறும். பொறியியல் சிறப்புக்காக என்றால் அச்சிறப்பு எந்த உறுப்பில் இருந்ததோ அது எஞ்சியிருக்க வேண்டும். முன்தகைவுக் கர்டரே போனபின் கல் முகப்புத் தூண்களைக் காட்டி வாதாடுவது கடினம் என்பது என் கருத்து. நாட்டின் சாலை வரலாற்றோடு உள்ள தொடர்புக்காக என்றால் கொஞ்சம் இடம் உண்டு. கைப்பிடிச்சுவரை மட்டும் மாற்றிய பாலத்தை இந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள்.

வடகரை:
ஒன்று சேர்க்கிறேன். 'தகுதி உண்டு' என்று எழுதிவிட்டால், 1966-ஆம் ஆண்டுப் போக்குவரத்துத் துறைச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவும் கூடவே வந்துவிடும்; வேறு ஏற்கத்தக்க வழியே இல்லை என்று காட்டாமல் அந்தப் பாலத்தை இடிக்க இயலாது. ஆகவே 'தகுதி இல்லை' என்பதற்கும் அதே அளவு காரணத்தை எழுதி வையுங்கள். ஒப்பந்ததாரரின் இயந்திரம் வந்து நிற்கும் நாளில் உங்கள் அறிக்கையைத்தான் எல்லோரும் புரட்டுவார்கள்.