ஒயின் பீப்பாயில் ஊறிய ஐரிஷ் விஸ்கி: காட்டமும் துவர்ப்பும் எதனால்?

திருவான்மியூர் வாசகர்:
வணக்கம். டப்ளினில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது கிரீன் ஸ்பாட் விஸ்கியின் ஷாட்டோ லியோவில் பார்ட்டன் வகையில் ஒரு புட்டி கொண்டுவந்தார். வழக்கமாக அருந்தும் ஜேம்சனின் மென்மையை எதிர்பார்த்துத் தண்ணீர் கலக்காமல் பருகியபோது, மூக்கைத் துளைக்கும் காட்டமும், விழுங்கிய பின் நாவற்பழம் தின்றதுபோல் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புமே முன்னால் நின்றன. எதிர்பார்த்த பழ மணம் மங்கலாகவே இருந்தது. இவ்விரண்டும் ஒயின் பீப்பாயின் விளைவுகள்தாமா? ஐஸ் சேர்த்தால் சரியாகுமா?

மால்ட் மாடவீதி:
துவர்ப்புக்குப் பீப்பாய் பொறுப்பு. காட்டத்திற்குப் பெரும்பாலும் நம் ஊர் பொறுப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த விஸ்கி முதலில் பர்பன் (அமெரிக்க விஸ்கி), ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) இருந்த பீப்பாய்களில் முதிர்ந்து, அதன்பின் 12 முதல் 24 மாதங்கள் வரை பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள ஷாட்டோ லியோவில் பார்ட்டன் என்னும் ஒயின் பண்ணையின் சிவப்பு ஒயின் இருந்த பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் வைக்கப்படுகிறது. அந்த மரத்திலும், அது உறிஞ்சி வைத்திருக்கும் ஒயினிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள்தான் தாங்கள் சொல்லும் நாவற்பழத் துவர்ப்பைத் தருகிறது. அதைக் குறையாகக் கருத வேண்டாம். எனக்கு இந்த விஸ்கியில் பிடித்ததே அதுதான்.

ஜேம்சனும் கிரீன் ஸ்பாட்டும் கார்க் மாவட்டத்து மிடில்டன் வடிசாலையில் உருவாகுபவையே. ஆயினும் ஜேம்சனில் இலகுவான தானிய விஸ்கி கலந்திருக்கிறது, ஆல்கஹால் செறிவும் 40 சதவீதம்தான். தங்களிடம் இருப்பதோ முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பார்லியும் சேர்த்து வடித்த, 46 சதவீதச் செறிவுள்ள சிங்கிள் பாட் ஸ்டில் (ஒரே வடிசாலையின் கொப்பரையில் வடித்தது) வகை; முளைகட்டாத பார்லி தரும் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் காரமும் இயல்பாகவே அதில் இருக்கும்.

பெரம்பூர் பழசு:
மேலே நண்பர் 'நம் ஊர்' என்றதை விளக்கிவிடுகிறேன். அறை வெப்பநிலையில் அருந்துங்கள் என்று ஐரோப்பியர் எழுதும்போது அவர்கள் மனத்தில் இருப்பது 20 டிகிரியை ஒட்டிய அறை. மின்விசிறி மட்டும் சுழலும் சென்னை வீட்டில் 30 டிகிரி சாதாரணம்; அந்த வெப்பத்தில் தூய எத்தனாலின் (மதுவிலுள்ள ஆல்கஹால்) ஆவியழுத்தம், அதாவது ஆவியாகி எழும் நாட்டம், 20 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. கோப்பையிலிருந்து ஆல்கஹால் ஆவியே முந்திக்கொண்டு எழுவதால் பழ மணம் அதனடியில் அமுங்கிவிடுகிறது.

ஐஸ் வேண்டாம், குளிர் கூடினால் மணம் ஒடுங்கும், துவர்ப்பும் கசப்பும் துருத்தித் தெரியும். புட்டியைச் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தெடுத்து, 30 மில்லியில் நான்கரை மில்லி நீர் விடுங்கள். செறிவு 40 சதவீதத்திற்கு இறங்கும். கேன் தண்ணீரோ வடிகட்டிய நீரோ போதும், உப்புச் சுவையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும் கூடாது. மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல் விளிம்பருகே நிறுத்தி, வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்து பாருங்கள்.

மால்ட் மாடவீதி:
நீரைப் பற்றி உடன்படுகிறேன். ஆனால் முதல் வாயை நீரின்றியே சுவைத்துவிட்டு, பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதே நல்லது. அளந்து ஊற்றுவது எனக்கு மருந்து குடிப்பதாகத் தோன்றுகிறது. மேலும், இனிப்பான பழச் சுவைதான் தேவையென்றால், புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த போர்தோ ஒயினின் பீப்பாயில் அதைத் தேடுவதைவிட, இனிப்பான போர்ட் ஒயின் பீப்பாயில் நிறைவுபெறும் புஷ்மில்ஸ் 16 ஆண்டு விஸ்கியை அடுத்த முறை மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள்.