எவர்நோட்டுக்கு இவ்வளவு சந்தா கட்டித் தொடரலாமா?

கேள்வி: சொற்கிடங்கு

கோவையில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். 2012 முதல் எவர்நோட் செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். பணியில் எதிர்ப்படும் கலைச்சொற்கள், அவற்றுக்கு நான் தேர்ந்த தமிழ்ச் சொற்கள், வாடிக்கையாளர்கள் சொன்ன திருத்தங்கள், ஸ்கேன் செய்த ஒப்பந்தங்கள் என ஏறத்தாழ 4,000 குறிப்புகள் அதில் சேர்ந்துவிட்டன. 'ஈட்டுறுதி' என்ற சொல்லை எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பொருளில் ஆண்டேன் என்று தேடினால் நொடியில் கிடைத்துவிடுகிறது. பயனில் எனக்கு ஐயமே இல்லை, கட்டணம்தான் உறுத்துகிறது. அமெரிக்காவில் முன்பு ஆண்டுக்கு 69.99 டாலருக்குக் கிடைத்த சேவை, 2023-இல் 129.99 டாலராகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று வரம்பு வந்தது. அடுத்த மாதம் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும் என்னைப் போன்றவர்கள் இதைத் தொடர்வது தகுமா?

பதில்: பேரேடு

கட்டணம் அதிகமா என்பதை டாலரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு, செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காகத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நானும் அப்படி எழுதிப் பார்த்தேன். புதிதாக எழுதுவது மிகக் குறைவு, பழையதைத் தேடுவதே மிகுதி என்று தெரிந்தது. தேடுவதற்கு மட்டுமென்றால் உங்கள் கணினியிலேயே கோப்புகளை வைத்துத் தேடலாமே! ஆனால் ஸ்கேன் செய்த படங்களுக்குள் இருக்கும் எழுத்தையும் தேடி எடுப்பதுதான் உங்களுக்கு முக்கியமென்றால், அந்த வசதிக்குத் தனி மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும்.

பதில்: எளியஉரை

தொடர்ந்தாலும் நிறுத்தினாலும், முதலில் குறிப்புகளை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எவர்நோட் தன் குறிப்புகளை ஈநெக்ஸ் என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்கிறது. அந்தக் கோப்புக்குள் குறிப்பேட்டின் பெயர் பதிவாவதில்லை. ஆகவே ஒவ்வொரு குறிப்பேட்டையும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து, கோப்புக்கு அந்தப் பெயரையே வையுங்கள். திறந்த மூலக் குறிப்பு மென்பொருளான ஜாப்ளின் அக்கோப்புகளை நேரடியாக ஏற்றுக்கொள்ளும். அப்சிடியன் என்ற மற்றொரு குறிப்புச் செயலியிலும் அதற்கென ஓர் இறக்குமதி நீட்சி உண்டு. அப்சிடியனில் குறிப்புகள் எந்த எழுத்துச் செயலியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே இருக்கும், சொந்தப் பயன்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. குறிச்சொற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஒரு குறிப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகக்கூடும். கலைச்சொல் தொகுப்பில் அப்படி நிறைய இணைத்திருந்தீர்களானால் திருத்துவதற்கே பல நாள்கள் பிடிக்கும். அந்த உழைப்பையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

பதில்: நெடுநாள் சந்தா

நான் பணம் கட்டுகிறேன், கட்டவும் செய்வேன். இலவசமாகக் கிடைத்தவற்றை நம்பி நாம் கண்டது என்ன? வலைப்பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013-இல் மூடினார்கள். மைக்ரோசாஃப்ட் வாங்கிய பணிப்பட்டியல் செயலியான வுண்டர்லிஸ்ட் 2020-இல் போயிற்று. கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட் செயலியை மொசில்லா 2025-இல் நிறுத்திவிட்டது. ஒரு கருவியை உருவாக்குபவர்களுக்கு ஊதியம் எங்கிருந்தோ வர வேண்டும், அதைப் பயனாளியாகிய நானே கொடுப்பதுதான் நேர்மை என்று கருதுகிறேன். ஆனால் எளியஉரை சொன்ன ஏற்றுமதியில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பணம் வாங்கும் நிறுவனமும் கைமாறும். எவர்நோட்டே பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனத்திடம் சென்றதே!

சொற்கிடங்கு

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவே எல்லாக் குறிப்பேடுகளையும் ஏற்றுமதி செய்து, ஒரு படியைக் கணினியிலும் மற்றொன்றை வெளி வன்வட்டிலும் வைத்துவிட்டேன். பேரேடு சொன்ன தாளையும் இன்று தொடங்கிவிட்டேன். இதுவரை ஒன்பது முறை திறந்ததில் ஏழு முறை பழைய சொல்லைத் தேடித்தான். ஆண்டுச் சந்தாவைத் தவிர்த்து, மாதக் கணக்கில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து இரண்டு மாதம் தொடர்வதாக உள்ளேன். அதற்குள் கலைச்சொற்களை மட்டும் ஜாப்ளினுக்கு மாற்றி வேலை செய்து பார்ப்பேன். ஸ்கேன் செய்த ஒப்பந்தங்களை என்ன செய்வதென்றுதான் இன்னும் விளங்கவில்லை. படத்திலுள்ள தமிழ் எழுத்தைத் தேடும் வழியை யாரேனும் பயன்படுத்திப் பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள்.