அரபு ‘ழாத்’: ரமலானில் லகரம் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அரபு நெடுங்கணக்கின் 15-ஆம் எழுத்தான ழாத், நோன்பு மாதத்தின் பெயரில் வருகிறது. அதை உருது பேசுவோர் ‘ரம்ஜான்’ என்கிறார்கள். இன்றைய அரபுச் செய்தி வாசிப்பாளர்கள் கனத்த டகரமாக ஒலிக்கிறார்கள். நாமோ ‘ரமலான்’, ‘ரமழான்’ என்று எழுதுகிறோம். வுழூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்), ஃபர்ழு (கட்டாயக் கடமை), காழி (நீதிபதி) ஆகிய சொற்களிலும் இதே நிலைதான். இது நம்மவர் நாவில் நேர்ந்த திரிபா, அல்லது அரபு ஒலியிலேயே லகரச் சாயல் இருந்ததா?

மறுமொழி 1:
சாயல் இருந்தது. 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் பயின்று அரபு இலக்கணம் வகுத்த சீபவைஹி, நாவிளிம்பின் தொடக்கப் பகுதிக்கும் அதையடுத்த கடைவாய்ப் பற்களுக்கும் இடையே இவ்வொலி பிறப்பதாகக் கூறுகிறார். குர்ஆனைச் சரியாக ஒலித்து ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் வகுப்புகளில் இன்றும் இதே விளக்கம்தான் தரப்படுகிறது, ஓதும்போது பலர் வாயில் வருவது டகரமே என்றாலும். லகரத்துக்கு வைப்பதுபோல் நாவை வைத்து, பக்கவாட்டு இடைவெளியை நன்றாகக் குறுக்கி, அடிநாவைச் சற்றே பின்னுக்கு இழுத்துக் குரலோடு மூச்சைத் தள்ளினால், கன்னத்தின் உட்புறம் காற்று உரசுவது தெரியும். பழைய ழாத் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலும் லகர ளகரங்களுக்கு ‘நாவிளிம்பு வீங்கி’ என்றே தொடங்குகிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மறுமொழி 2:
கடன் சொற்களே இதற்கு நல்ல சாட்சி. நீதிபதியைக் குறிக்கும் ‘அல்காழி’ ஸ்பானிய மொழியில் ‘அல்கால்தே’ ஆனபோது, தகரத்துக்கு முன் லகரம் ஒன்று புகுந்துகொண்டது; நைஜீரியாவின் ஹவுசா மொழியில் அதே சொல் ‘அல்காலி’. மலாய் மொழியில், இசைவைக் குறிக்கும் ‘ரிழா’ என்பது ‘ரெலா’ ஆயிற்று. பாரசீகம் இவ்வெழுத்தை ஸகரத்தின் குரலுடைய இணையாக (ஆங்கில z போல) மாற்றிக்கொண்டது. உருதுவின் ‘ரம்ஜான்’ அவ்வழியே வந்தது.

மறுமொழி 3:
மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் தமிழைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் ழகரம் பக்கவாட்டு ஒலி (லகரம்போல் நாவின் பக்கங்கள் வழியே காற்று வெளியேறும் ஒலி) அன்று, அதில் உரசலும் இல்லை. ஆகவே ‘ரமழான்’ என்ற எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு, கடல்வழி வந்த அரபியர் நம் கரையில் பழைய ஒலியையே பேசினார்கள் என்று அறுதியிட முடியாது. தகரமோ ஸகரமோ பொருந்தவில்லை என்று கேட்டவர்களுக்குத் தோன்றியது என்ற அளவில்தான் சொல்லலாம். மலையாளத்தில் ‘ரமளான்’ என்று ளகரம் இட்டு எழுதுவதும் அதே தேடலின் இன்னொரு விடை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த ஒலி இப்போது எங்கேயும் உயிரோடு இல்லையா?

மறுமொழி 4:
அரபு மொழியில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வளைகுடா, ஈராக் பேச்சுவழக்குகளில் அது ‘ழா’ என்னும் வேறோர் எழுத்தின் ஒலியோடு கலந்துவிட்டது. ஆனால் ஏமன், ஓமன் நாடுகளில் பேசப்படும் மெஹ்ரி, சொகோத்ரா தீவின் சொகோத்ரி ஆகிய செமித்திய மொழிகளில் பக்கவாட்டு உரசொலிகள் இன்றும் வழக்கில் உள்ளன. செமித்தியக் குடும்பத்துக்கு வெளியே வெல்ஷ் மொழியிலும் தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியிலும் குரலற்ற (தொண்டை அதிராமல் ஒலிக்கும்) வகையைக் கேட்கலாம். அவ்வளவு தொலைவு போவானேன், நீலகிரியின் தோடர் மொழியிலேயே அது உண்டு.