படித்துவிட்டுப் பார்த்த மூன்று படங்கள்: பிடித்ததும் பிடிக்காததும்

நாவலை முதலில் படித்துவிட்டால் அதிலிருந்து எடுத்த படம் பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. படம் கதையை மாற்றினால் நான் கோபப்படுவதில்லை. எழுத்தாளர் தெரிந்தே சொல்லாமல் விட்டதைப் படம் எடுத்துப் போட்டு விளக்க ஆரம்பித்தால்தான் எனக்கு மனசு ஒட்டாமல் போகிறது. அண்மையில் மூன்று புத்தகங்களையும் அவற்றிலிருந்து வந்த படங்களையும் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டேன். சில ஏற்கெனவே தெரிந்தவை, சில புதியவை. வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து பார்த்ததால் அவர்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ‘வெக்கை’. பூமணி எழுதி 1982-இல் வந்தது. எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். அந்த நாவலின் பேச்சு எங்கள் வீட்டில் புழங்குகிற பேச்சு. அய்யா, ஆத்தா, சின்னையா என்று அந்தப் பையன் கூப்பிடும்போது எனக்குப் படிக்கிற உணர்வே வருவதில்லை, பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்பதுபோல இருக்கிறது.

சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிற இடத்தில் கதை ஆரம்பிக்கிறது. கையை மட்டும் எடுக்கவேண்டும் என்றுதான் நினைத்துப் போனான். வெட்டு அதோடு நிற்கவில்லை. அதற்கப்புறம் அவனும் அவன் அய்யாவும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். ஒரு கொலை செய்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு அப்பா என்ன பேசுவார்? தண்ணீர் எங்கே கிடைக்கும், எதை ஆக்கித் தின்பது, ராத்திரி எங்கே படுப்பது. இதைத்தான் பேசுகிறார். ஏண்டா செய்தாய் என்று பிடித்து உலுக்குவதில்லை. நடந்த அநியாயமெல்லாம் பேச்சுக்கு நடுவே துண்டு துண்டாக வருகிறது. யார் என்ன சாதி என்று நாவலில் எங்கும் சொல்லியிருக்காது. சொல்லாமலே எங்கள் பக்கத்து ஆளுக்கு ஒவ்வொரு வரியிலும் விளங்கும், வெளியூர்க்காரருக்கும் பத்துப் பக்கத்துக்குள் பிடிபட்டுவிடும். பூமணியின் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு முதல் காரணம் இதுதான்: வாசிக்கிறவர் பேரில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ 2019 அக்டோபரில் வந்தது. தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் என்ற பரிசும் தனுஷுக்குச் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தன. தனுஷ் அந்த வயதான அப்பாவாக நடக்கிற நடையும், மகனை இழந்த தாயாக மஞ்சு வாரியரும் எனக்கு மறக்காது. முதல் அரைமணி நேரம் நாவலின் இருட்டும் ஈரமும் அப்படியே இருக்கிறது. அப்புறம் அப்பாவின் இளமைக்காலக் கதை வருகிறது. அறுபதுகளில் அவர் சாராயம் காய்ச்சியவர், தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு அவர் வாங்கிக்கொடுத்த செருப்பு, அந்தச் செருப்பால் வந்த வினை, கடைசியில் குடிசைகளுக்கு வைக்கப்படும் தீ. 1968-இல் கீழ்வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்ததை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியாது.

எனக்குப் பிடிக்காமல் போனது இங்கேதான். நாவல் அந்தப் பையனுடையது. படம் அப்பாவுடையதாகிவிடுகிறது. அவர் அரிவாளை எடுக்கிற நேரத்துக்காகக் காத்திருக்கிற படமாக மாறுகிறது. பணிந்துபோகிற மனிதர் ஏன் பணிந்துபோகிறார் என்பதற்கு ஒரு பெரிய காரணம், அவர் எப்படி அப்படி வெட்டுகிறார் என்பதற்கு இன்னொரு காரணம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு நேராகிவிடுகிறது. காடு கரையைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று முடிவில் மகனுக்குச் சொல்லுகிற அறிவுரை நல்ல அறிவுரைதான். ஆனால் ‘வெக்கை’யின் அய்யா அப்படிச் சொல்லுகிறவர் இல்லை. அவர் பையனை அணைத்துப் படுக்கவைப்பார்.

இதை எங்கள் சின்னையாவிடம் சொல்லப்போய் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது. அவர் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்த்தவர். ‘அசுரன்’ டிவியில் எப்போது போட்டாலும் எழுந்திருக்க மாட்டார். நாவலை நான்தான் கையில் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு வந்து சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு தாயி. நம்ம ஊருப் பேச்சு. ஆனா அந்தச் செருப்புக் கதை இதுல இல்லையே.”

“அது படத்துக்குன்னு சேத்தது சின்னையா. புத்தகத்துல கிடையாது.”

“சேத்ததோ சேக்காததோ. அது நடந்தது தாயி. நாங்க சின்னப் பயலுவளா இருக்கையில அந்தத் தெருவுக்குள்ள போகும்போது செருப்பைக் கழத்திக் கையில எடுத்துக்கிடணும். எங்க அய்யா எடுத்துக்கிட்டுப் போறதப் பாத்திருக்கேன். தியேட்டர்ல அந்தக் காட்சி வந்தப்ப நான் எந்திரிச்சு நின்னுட்டேன். பின்னால இருந்தவன் உக்காருங்கன்னு சொல்லல. அவனும் நின்னான்.”

இதைக் கேட்ட பிறகு நான் என் கட்சியை வேகமாகப் பேசவில்லை. நான் புத்தகத்தின் மௌனத்தைப் பெரிதாக நினைக்கிறேன். அவருக்கு அந்த மௌனம் வாழ்நாள் முழுக்கப் போதும் போதும் என்று இருந்திருக்கிறது. ஒரு பெரிய திரையில், நாலு பேர் நடுவில், தன் அப்பாவுக்கு நடந்ததை ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. படம் அதைச் செய்தது. அந்த வேலையை ‘வெக்கை’ செய்யவில்லை, செய்ய நினைக்கவும் இல்லை. இருந்தாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் நாவலைத்தான் எடுப்பேன் என்று அவரிடமே சொன்னேன். “எடுத்துக்க, எனக்கு ‘அஞ்ஞாடி’யக் கொடு” என்றார். 2014-இல் பூமணிக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கித்தந்த நாவல் அது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது அதில் இருக்கிறார்.

இரண்டாவது ‘லாக்கப்’. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், இளைஞராக இருந்தபோது ஆந்திராவில் குண்டூர்ப் போலீசிடம் மாட்டி அனுபவித்த சித்திரவதையை எழுதியது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். மொழி தெரியாத ஊர், கேட்க நாதியில்லை. சின்னப் புத்தகம்தான். ஆனால் ஒரே மூச்சில் என்னால் படிக்க முடியவில்லை. நடுவில் எழுந்து அடுப்படிக்குப் போய் ஏதாவது வேலை பார்த்துவிட்டு வந்து படித்தேன். அடியைப் பற்றி எழுதும்போது அவர் குரல் உயர்வதே இல்லை. எங்கே அடித்தால் எப்படி வலிக்கும், வீங்கின காலை என்ன செய்வது, சோறு தின்னலாமா வேண்டாமா என்று அந்த உடம்புக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுகிறார்.

அதிலிருந்து வந்த ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டது, 2016 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. இதுவும் வெற்றிமாறன். இதுவும் புத்தகத்தில் இல்லாததைச் சேர்க்கிற படம். முதல் பாதி மட்டுமே ‘லாக்கப்’. குண்டூரிலிருந்து பையன்களை மீட்டுவருகிற தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர், அவர் பிடித்துவருகிற ஆடிட்டர், ஸ்டேஷனைக் கழுவிச் சுத்தம் செய்யச் சொல்லி அங்கேயே நிறுத்திவைக்கப்படுகிற பையன்கள், கேட்கக்கூடாத பேச்சு அவர்கள் காதில் விழுந்துவிடுவது: இதெல்லாம் படத்துக்காக எழுதியது. நான் மேலே சொன்ன கணக்குப்படி இது எனக்குப் பிடித்திருக்கக் கூடாது. பிடித்தது, அதுவும் மூன்று படங்களில் அதிகமாக.

ஏன் என்று யோசித்தேன். ‘லாக்கப்’பைப் படிக்கும்போது எவ்வளவு கொடுமை வந்தாலும் நமக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. இதை எழுதியவர் பிழைத்துவந்து எழுதியிருக்கிறார். நமக்கே தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தைப் புரட்டுகிறோம். படத்தின் இரண்டாம் பாதி அந்தப் பிடிமானத்தைப் பறித்துவிடுகிறது. எழுதிச் சொல்ல ஆள் மிஞ்சாமல் போனவர்கள் கதை அது. ‘அசுரன்’ சேர்த்த கதை ஏன் என்ற கேள்விக்குப் பதில் தருகிறது. ‘விசாரணை’ சேர்த்த கதை கேள்வியை இன்னும் பெரிதாக்கி நம் ஊருக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. குண்டூரில் நடந்தது அயல் மாநிலத்துச் சங்கதி என்று யாரும் ஆறுதல் பட்டுக்கொள்ள முடியாது.

சமுத்திரக்கனி செய்த இன்ஸ்பெக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன்தான், பையன்கள் பேரில் உண்மையாகவே இரக்கம் உண்டு. அந்த இரக்கத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவருக்குப் புரிகிற இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். அதற்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம். படத்தொகுப்புக்கும் கிடைத்தது, அந்த விருதைப் பெறப் படத்தொகுப்பாளர் கிஷோர் உயிரோடு இல்லை என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரே குறை, ஆனந்தி நடித்த பாத்திரத்துக்குப் படத்தில் போதிய இடம் இல்லை. என் வீட்டுக்காரர் குண்டூர் ஸ்டேஷன் காட்சி முடிவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் படத்தை யாரையும் வற்புறுத்திப் பார்க்கவைக்கக் கூடாது.

மூன்றாவது பழசு: ‘முள்ளும் மலரும்’. உமாசந்திரன் எழுதி, கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு பெற்றது. பழைய பிரதி ஒன்று கையில் கிடைத்தது. வாரப் பத்திரிகையில் தொடராகப் படிக்க எழுதப்பட்ட நாவலுக்கு உரிய திருப்பங்களும் சம்பவங்களும் நிறைய. சுவாரசியமாகப் போகிறது, ஆனால் மூடிவைத்த பிறகு மனசில் தங்குவது கொஞ்சம்தான். எனக்கு நாவல் சுமார்.

1978-இல் மகேந்திரன் எடுத்த படம் அந்த நாவலைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. தங்கைமேல் உயிராக இருக்கிற அண்ணன் காளிதான் கதையின் நாயகன், படத்தில் ரஜினி. காளி கையை இழக்கிற இடம் வரைதான் படித்தேன், மிச்சத்தை நானாக எழுதிக்கொண்டேன் என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார். நாவலில் காளியின் கை புலியால் போகிறது. படத்தில் என்ஜினீயர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவைக்கிறார், அவன் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறான், லாரி ஏறிவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். புலி அடித்தால் அது விதி, யாரையும் வெறுக்க வழியில்லை. லாரி ஏறினால் அவன் வீம்புக்கும் அதில் பங்கு உண்டு, அது அவனுக்குத் தெரியும், தெரிந்ததை ஒப்புக்கொள்ள முடியாமல்தான் என்ஜினீயர் பேரில் அத்தனை வெறுப்பும். படம் எதையும் வாய்விட்டு விளக்கவில்லை. நாவலில் வெறும் சம்பவமாக இருந்ததைக் குணமாக மாற்றிவிட்டது.

தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள். ரஜினியை இப்போதைய படங்களில் மட்டுமே பார்த்தவள், என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் சண்டை வரும் என்று காத்திருந்தாள். கடைசிக் காட்சி முடிந்ததும் கேட்டாள்: “பெரியம்மா, இதுல அவரு தோத்துட்டாரா, ஜெயிச்சுட்டாரா?” படத்தில் அண்ணனுக்குப் பிடிக்காத அந்த என்ஜினீயரைக் கட்டிக்கொள்ளப் போகிற காளியின் தங்கை, எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவருகிறாள். அது போதும் அவனுக்கு. அதற்கப்புறம்தான் அவளை என்ஜினீயரிடம் கூட்டிப்போய்க் கொடுக்கிறான். கொடுக்கும்போதும் அந்த ஆளை இன்னும் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். திருந்தி அழுகிற அண்ணனைக் காட்டாமல் இப்படி முடிக்க அன்றைக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, அவளே ராத்திரி சாப்பிடும்போது, “ரெண்டும்தான் போல” என்றாள். காளியின் தங்கையாக நடித்த ஷோபாவைப் பற்றி நிறையக் கேட்டாள். வசனம் மிகக் குறைவாக உள்ள ஒரு பாத்திரத்தை அந்தப் பெண் கண்ணாலேயே பேசிவிட்டுப் போயிருக்கிறாள். ‘பசி’க்காகத் தேசிய விருது வாங்கியவள், 1980-இல் இருபது வயதுகூட ஆகாமல் போய்ச்சேர்ந்தாள் என்று சொன்னபோது பிள்ளை முகம் வாடிவிட்டது. பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவையும் இளையராஜாவையும் பற்றி இங்கே எல்லாரும் எழுதியாயிற்று, நான் நீட்டவில்லை.

எதை முதலில் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: ‘வெக்கை’யைக் கட்டாயம் படத்துக்கு முன்னால் படியுங்கள், இல்லாவிட்டால் அய்யாவைத் தனுஷ் முகத்தோடு படிக்க வேண்டியிருக்கும். கரிசல் பேச்சு முதல் சில பக்கங்கள் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும். ‘லாக்கப்’, ‘விசாரணை’ இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘முள்ளும் மலரும்’ படம் போதும், நாவல் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம். ‘அசுரன்’ பற்றிச் சின்னையா கட்சியில் இருப்பவர்கள் எழுதினால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.