‘பரலோகராஜ்யத்தில் பிரவேசித்தார்’ என்று கல்லறையில் எழுதுவது சரியா?

கேள்வி: உபதேசியார் பேத்தி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தகப்பனார் சென்ற ஆகஸ்டு மாதம் மரித்தார். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்று அம்மா விரும்புகிறார்கள். கல் வெட்டுபவர் எழுத்துக் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்பதால், வாசகத்தை முடிவு செய்து ஒரே தாளில் எழுதிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வழக்கமாகக் காணப்படுவதையே அம்மா சொன்னார்கள். மேலே பெயர், அதன் கீழே பிறந்த தேதி, அடுத்த வரியில் ‘பரலோகராஜ்யத்தில் பிரவேசித்தது’ என்று மரித்த தேதி.

எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஐயம் வந்தது. “மனந்திரும்புங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது” (மத்தேயு 4:17) என்று இயேசு பிரசங்கிக்கத் தொடங்குகிறார். பரலோகராஜ்யம் என்பது மரித்த பிறகு நாம் போய்ச் சேரும் இடமென்றால், அது எப்படி நம்மை நோக்கி வரும்? இடம் நகராதல்லவா? மேலும், என் கணவர் வீட்டார் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய வேதாகமத்தில் இதே வசனத்தில் ‘விண்ணரசு’ என்றும், மாற்குவில் ‘இறையாட்சி’ என்றும் இருக்கிறது. இவை ஒன்றா, வேறா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: வேதபாட வகுப்பு

சகோதரி, உங்கள் ஐயத்துக்குப் பாதிக் காரணம் ‘ராஜ்யம்’ என்ற நம் சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் ராஜ்யம் என்றவுடன் எல்லையும் கோட்டையும் உள்ள ஒரு நிலப்பரப்பு மனத்தில் எழுகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள ‘பசிலேயா’ என்ற சொல்லும், அதற்குப் பின்னால் நிற்கும் ‘மல்கூத்’ என்ற எபிரேயச் சொல்லும், முதன்மையாக அரசன் ஆளுவதையே, அதாவது அவனுடைய அதிகாரம் செல்லுபடியாவதையே குறிக்கின்றன. அந்த அதிகாரம் செல்லும் நிலம் என்பது அதன் பிறகு வரும் பொருள். சங்கீதம் 145:13-ஐப் பாருங்கள்: “உம்முடைய ராஜ்யம் சதாகாலங்களிலுமுள்ள ராஜ்யம், உம்முடைய ஆளுகை தலைமுறை தலைமுறையாக உள்ளது.” எபிரேயக் கவிதையில் பல இடங்களில் இரண்டாம் அடி முதல் அடியை வேறு சொல்லால் திருப்பிச் சொல்லும், இங்கே ராஜ்யத்தைத் திருப்பிச் சொல்ல வந்த சொல் ‘ஆளுகை’.

இதைவிடத் தெளிவான சான்று லூக்கா 19-இல் இருக்கிறது. பிரபு ஒருவன் “ஒரு ராஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பிவரும்படி” தூரதேசத்துக்குப் போகிறான். நிலத்தை எப்படிப் பெற்றுக்கொண்டு திரும்பிவர முடியும்? கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு இது புதிராக இருந்திருக்காது. கி.மு. 4-இல் யூதேயாவை ஆண்ட ஏரோது இறந்ததும் அவன் மகன் அர்கெலாயு ரோமாபுரிக்குப் போய், ரோமப் பேரரசனாகிய அகஸ்து இராயனிடம் அரசுரிமையைக் கேட்டான். அவன் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல யூதர்கள் ஐம்பது பேர் கொண்ட தூதுக்குழுவும் பின்னாலேயே போயிற்று. அவன் பெறப் போனது தான் விட்டுச் சென்ற அதே யூதேயாவை ஆளும் உரிமையை. இராயன் அவனுக்கு ராஜா என்ற பட்டத்தைக் கொடுக்காமல் அதற்குக் குறைந்த பட்டம் ஒன்றையே கொடுத்தனுப்பினான், கி.பி. 6-இல் அதையும் பறித்தான். ஆக, அந்தக் காலத்து மக்கள் காதில் ‘ராஜ்யத்தைப் பெறுதல்’ என்பது அதிகாரம் கைக்கு வருவதாகவே ஒலித்தது.

இந்தப் பொருளோடு மத்தேயுவின் உவமைகளைப் படித்தால் ஒரு சிக்கல் அவிழும். “பரலோகராஜ்யம் வீட்டெஜமானாகிய ஒரு மனுஷனுக்கு ஒப்பாயிருக்கிறது” என்று 20-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. ஓர் ஊரை ஒரு மனிதனுக்கு ஒப்பிட்டால் நமக்குப் பொருந்தாது. ஆனால் தேவன் ஆளும் விதம் எப்படிப்பட்டது என்று கேட்டால், சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்து முணுமுணுப்பை வாங்கிக்கொண்ட அந்த எஜமானைக் காட்டலாம். கணக்குப் பார்க்கும் ராஜா, முத்தைத் தேடும் வியாபாரி, மாவு பிசையும் பெண் என்று இயேசு சொன்ன பெரும்பாலான ஒப்புமைகளும் செயல்களே; ஊர் வருணனையை நான் அங்கே கண்டதில்லை.

இனி ‘பரலோகம்’. தானியேல் 2:44-இல் “பரலோகத்தின் தேவன்” என்றென்றைக்கும் அழியாத ஒரு ராஜ்யத்தை எழும்பப்பண்ணுவார் என்று இருக்கிறது. அந்த ராஜ்யம் எழும்புவது, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை நின்ற இதே பூமியில். பரலோகராஜ்யம் என்றால் பரலோகத்தில் உள்ள ராஜ்யம் என்று பிரிப்பதைவிட, பரலோகத்திலிருந்து வரும் ஆளுகை என்று பிரிப்பதே மூலத்துக்கு நெருக்கமானது. கர்த்தருடைய ஜெபத்தில் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் “பரலோகத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும்” என்கிறோம். அங்கே நாம் போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பதில்: திருச்சி வாசகர்

‘விண்ணரசு’, ‘இறையாட்சி’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவர் வீட்டார் வாசிப்பது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். அது மத்தேயு எழுதும் சொற்றொடரை விண்ணரசு என்றும், மாற்குவும் லூக்காவும் எழுதுவதை இறையாட்சி என்றும் பெயர்த்தது. நீங்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இவை முறையே பரலோகராஜ்யம், தேவனுடைய ராஜ்யம். இறைவனின் பெயரை வீணாக உச்சரிக்கக் கூடாதென்று யூதர்கள் ‘விண்’ என்று சுற்றிச் சொன்ன வழக்கத்தை மத்தேயு பின்பற்றினார் என்பது பரவலான விளக்கம். எனக்கு அது முழுதாக நிறைவு தரவில்லை. அவரே சில இடங்களில் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்றும் எழுதுகிறாரே. விண்ணும் மண்ணும் ஒன்றோடொன்று இசையாமல் கிடப்பதும், பின்னர் இசையப் போவதும் அவருடைய நற்செய்தி முழுவதும் ஓடும் சரடு என்பதால்தான் இச்சொல்லைத் தெரிந்துகொண்டார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பக்கம் நான் சாய்கிறேன்.

எப்போது வருகிறது என்பதே கடினமான கேள்வி. “தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே” என்று பேய்களைத் துரத்தியபோது இயேசு சொல்கிறார் (மத்தேயு 12:28). அவரே, கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியிருப்பார்கள் என்று எதிர்காலத்திலும் பேசுகிறார் (8:11). முழுவதும் எதிர்காலம் என்று ஷ்வைட்சர் என்ற இறையியலாளரும், இயேசுவிலேயே வந்துவிட்டது என்று டாட் என்ற இறையியலாளரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டு முனைகளில் நின்றார்கள். தொடங்கிவிட்டது, நிறைவு இன்னும் வரவில்லை என்பதே இன்று பெரும்பாலான திருச்சபைகள் ஏற்கும் நிலை. ஆகையால் திருச்சபையையும் இறையாட்சியையும் அப்படியே ஒன்றென்று சொல்லிவிட முடியாது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையை இறையாட்சியின் வித்தும் தொடக்கமும் என்றே குறிப்பிட்டது. பயிரும் வித்தும் ஒன்றல்ல.

புளிப்புமாவு உவமையில் இது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய மொழிபெயர்ப்பில் “மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள்” என்று இருக்கிறது. படி என்றால் இரண்டு லிட்டருக்கும் குறைவு. ஒரு வீட்டுச் சமையல் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். மூலத்தில் உள்ளது மூன்று ‘சாத்தா’, ஏறக்குறைய 40 லிட்டர். நூறு பேருக்கு மேல் அப்பம் சுடலாம். திருவிவிலியம் ‘மரக்கால்’ என்று மாற்றியதில் பொருள் இருக்கிறது. ஆனால் ‘அடக்கிவைத்தாள்’ என்ற பழைய வினையை நான் விடமாட்டேன். மூலத்தில் ‘ஒளித்துவைத்தாள்’ என்றே இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. இரவில் மாவு பொங்கியிருக்கும். வந்துவிட்டதா, வரவில்லையா என்று அந்த மாவைப் பார்த்துக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

பதில்: கூட்டத்துச் சகோதரன்

மேலே இருவரும் இரண்டு ராஜ்யங்களையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். எங்கள் கூட்டங்களில் அப்படிப் போதிப்பதில்லை. மத்தேயுவின் உவமைகளில், பரலோகராஜ்யத்தில் கோதுமையும் களைகளும் சேர்ந்து வளர்கின்றன, வலையில் நல்ல மீனும் ஆகாத மீனும் விழுகின்றன. ஆகவே அது பெயரளவில் அறிக்கை செய்கிறவர்களையும் உள்ளடக்கியது. தேவனுடைய ராஜ்யத்திலோ மறுபடியும் பிறந்தவன் அன்றி ஒருவனும் பிரவேசிக்க முடியாது (யோவான் 3:5). 1909-இல் வந்த ஸ்கோபீல்டு வேதாகமக் குறிப்புகளிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்.

பதில்: வேதபாட வகுப்பு

சகோதரருக்கு, அந்தக் குறிப்புகளை நானும் பல ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்தவன்தான். ஆனால் மத்தேயு 19:23-இல் ஐசுவரியவான் “பரலோகராஜ்யத்தில்” பிரவேசிப்பது அரிது என்று சொன்ன இயேசு, அதே மூச்சில் அடுத்த வசனத்தில் அவன் “தேவனுடைய ராஜ்யத்தில்” பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறார். கடுகுவிதை உவமை மத்தேயுவில் ஒன்றைப் பற்றியும், லூக்காவில் (13:18, 19) மற்றதைப் பற்றியும் சொல்லப்படுகிறது. உவமையோ ஒன்றேதான். உங்கள் மரபில் பின்வந்த ஆசிரியர்கள் பலரும் இந்த வேறுபாட்டைக் கைவிட்டிருக்கிறார்கள். களைகளைப் பற்றி நீங்கள் சொன்னது சிந்திக்கத்தக்கது. ஆயினும் “நிலம் உலகம்” என்று இயேசுவே பொருள் சொல்லிவிட்டார் (மத்தேயு 13:38).

சகோதரியின் கல்லுக்கு வருகிறேன், அதை மறந்துவிட்டோம். ‘பிரவேசித்தல்’ என்ற சொல் வேதத்தில் எந்தக் காலத்தில் வருகிறது என்று பாருங்கள். “ஆயக்காரரும் வேசிகளும் உங்களுக்கு முன்னே தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கிறார்கள்” (மத்தேயு 21:31). ஆயக்காரர் என்றால் வரி வசூலித்தவர்கள். சொன்னது நிகழ்காலம். உயிரோடு, அந்தத் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தவர்களைப் பற்றிச் சொன்னது. ஆளுகைக்குள் வருவதென்பது ஒருவனுடைய கீழ்ப்படிதல் மாறும் நாளில் நடக்கிறது. கல்லில் மரித்த தேதியைப் போட்டு அதற்கு இந்தச் சொல்லை வைத்தால், தேதி பிந்திவிடுகிறது என்பதே என் தயக்கம்.

பதில்: ஒரு போதகரின் மனைவி

துக்க வீட்டில் சொல்லாராய்ச்சி மட்டும் போதாது, ஐயா. மரணத் தறுவாயில் பவுல், “தம்முடைய பரம ராஜ்யத்தை அடையும்படி காப்பாற்றுவார்” என்று தீமோத்தேயுவுக்கு எழுதவில்லையா (2 தீமோத்தேயு 4:18)? அந்த வசனம் இருக்கும்வரை, அம்மா சொன்ன வாசகத்தைத் தவறென்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று கவனித்திருக்கிறேன். சிலுவையில் அந்தக் கள்ளன் “நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது” நினைத்தருளும் என்று எதிர்காலத்தைக் கேட்கிறான். ஆண்டவர் “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்கிறார். மரித்தவர் எங்கே என்பதற்குப் பரதீசு என்ற விடையும், ராஜ்யம் எப்போது என்பதற்கு வேறு விடையும் அந்த ஒரு உரையாடலிலேயே இருக்கின்றன. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

லூக்கா 17:21-ஐ ஒருவரும் தொடாததால் அதையும் சொல்லிவிடுகிறேன். “தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே” என்பதை மனத்துக்குள் இருக்கும் ராஜ்யம் என்று பலரும் பிரசங்கிக்கிறார்கள். அதை இயேசு சொன்னது பரிசேயரிடம். அவர்கள் இருதயத்தில் ராஜ்யம் இருந்தது என்று சொல்லியிருப்பாரா? “உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள்” என்று நாம் வீட்டில் சொல்கிறோமே, அந்த ‘உங்களுக்குள்’ என்று எடுத்துக்கொண்டால் போதும். திருவிவிலியம் ‘உங்கள் நடுவே’ என்கிறது. பழைய சொல்லிலேயே அந்தப் பொருளும் இருக்கிறது. நாம்தான் ஒன்றை மறந்துவிட்டோம்.

கேட்டவர்: உபதேசியார் பேத்தி

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஜெபத்துக்குப் பிறகு இவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆயக்காரரைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். அப்பா கடை வைத்திருந்த காலத்தில் வட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டிரங்குப் பெட்டியிலிருந்து ஏழு புரோநோட்டுகளை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டார். அம்மா அன்று அவரோடு சண்டை போட்டதும், இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. “அப்படியென்றால் அந்தத் தேதியை அல்லவா போட வேண்டும்? எனக்கு அது ஞாபகம் இல்லையே” என்றார்கள்.

கடைசியில், மரித்த தேதிக்கு மேல் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தது’ என்றும், எல்லாவற்றுக்கும் கீழே ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்றும் எழுதிக் கொடுத்தோம். என் கணவர் ‘உமது ஆட்சி வருக’ என்றால் எழுத்து குறையுமே என்றார். அப்பா அறுபது ஆண்டுகள் சொன்ன ஜெபம் பழைய சொல்லில்தான் என்பதால் அம்மா சம்மதிக்கவில்லை. கல் வெட்டுபவர் எழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசி வரிக்குக் கூலி வேண்டாம் என்றார்.